சூடு தெரியாத கையும் மூணு செல்லும்

கிரில்காரருக்குக் காது மந்தமில்லை. பக்கத்து அறையில் குண்டூசி விழுந்தாலும் என்ன விழுந்தது என்று கேட்கிற ஆள். ஆனால் கட்டிங் மிஷின் ஓடும்போது குண்டூசி என்ன, கூரையே விழுந்தாலும் எவனுக்கும் கேட்காது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வீடு மாடியில், பட்டறை கீழே. நடுவில் பதினேழு படி. ஜன்னல் கிரில், வாசல் கேட்டு, மாடிக் கைப்பிடி என்று இரும்பில் எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பார். முப்பத்திரண்டு வருஷமாக இதே வேலை. பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றுவிட்டார். ஆனால் ஒரு சட்டத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தே கால் அங்குலம் கோணல் என்று சொல்லிவிடுவார், டேப் வைத்து அளந்தால் கால் அங்குலம்தான் இருக்கும். டிசைன் மட்டும் அவருடையது இல்லை, மனைவியுடையது. பட்டறைத் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் கொடியும் வளைவுமாக ஒரே இழுப்பில் போடுவாள். அந்தக் கோட்டின் மேலேயே கம்பியை வைத்து இவர் வளைப்பார். "கோடு கோணலா இருந்தா சொல்லிடுங்க, கம்பி கோணலா இருந்தா நான் சொல்லிடறேன்" என்பாள். இவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் தினமும் சொல்லுவாள்.

அந்த மனுஷி மூணு மாசத்துக்கு முன்னால் ஃபேன் துடைக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறி விழுந்தாள். இடுப்பு மூட்டு உடைந்தது. ஆபரேஷன் பண்ணி உள்ளே இரும்புக் கிண்ணம் வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு: "என்னங்க, இப்ப நானும் இரும்புதான். எங்கயாவது கழண்டா நீங்களே ஒரு வெல்டு வச்சிடுங்க."

நாலு மாசம் படி இறங்கக் கூடாது, அறைக்குள் வாக்கரைப் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையல், துணி, மருந்து எல்லாம் கிரில்காரர் தலையில் விழுந்தது. அதில் அவருக்குக் குறை இல்லை. குழம்பு கொஞ்சம் உப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பட்டறையை மூட முடியாது. கீழே மிஷின் ஓடும்போது மேலே அவள் கூப்பிட்டால் எப்படித் தெரியும்?

"போன் எதுக்கு இருக்கு?" என்று மகள் கேட்டாள். போன் சட்டைப்பையில் அடிக்கும், இவருக்குக் கேட்காது. நடுங்கும், மிஷின் பிடித்த கையே நடுங்கிக்கொண்டிருக்கும்போது எந்த நடுக்கம் எதுவென்று எவன் கண்டான்? அதனால்தான் பெல் வாங்கினார். ஒயர் இல்லாத பெல். பட்டன் மனைவியின் கழுத்தில் தொங்கும், பெல் பட்டறைத் தூணில் மாட்டியிருக்கும். அமுக்கினால் கத்துவதோடு சிவப்பு விளக்கும் பளிச் பளிச்சென்று மின்னும். கண்ணாடி போட்டுக் குனிந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

முதலில் ப்ளக்கில் சொருகுகிற பெல்தான் வாங்கினார். வெல்டிங் ராடு பற்றும்போதெல்லாம் லைனில் கரண்ட் துடிக்கும். ஒரு வாரத்தில் ரெண்டு பெல் புகைந்துபோனது. அப்புறம்தான் செல் போடுகிற பெல். விரல் அளவு செல் மூணு. சாதா செல்லாகப் போட்டுப் போட்டு, செத்த செல்லே ஒரு பை சேர்ந்தது. அதில் ஒன்று உள்ளேயே கசிந்து ஸ்பிரிங்கைப் பொடிப் பொடியாக அரித்துவிட்டது. அதை அரத்தால் ராவி எடுத்துச் சரி பண்ணிய கையோடு, சார்ஜ் ஏற்றுகிற செல் நாலும், நடைபாதையில் ஒருத்தன் கூவி விற்ற சார்ஜரும் வாங்கி வந்தார். 'ரெண்டே மணி நேரத்தில் ஃபுல்' என்று அட்டையில் போட்டிருந்தது. அவருக்கு மெதுவான சாமான் எதுவுமே பிடிக்காது.

அந்தச் சார்ஜரில் நாலு குழி, ஒரே விளக்கு. செல்லை ஜோடி ஜோடியாகப் போட்டால்தான் ஏறும். ரெண்டு போடலாம், நாலு போடலாம், மூணு போட்டால் மூணாவது சும்மா கிடக்கும். பெல்லுக்கோ மூணு செல். அதனால் என்ன, உபயோகிக்காத நாலாவது செல்லையும் துணைக்குப் போட்டுவிடுவார். காலையில் பட்டறை திறக்கும்போது மாட்டி, மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது எடுப்பார். ரெண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் கூடக் கொஞ்சம் ஊறட்டும் என்று நினைப்பு. பிறகு நாலில் கைக்கு வந்த மூணைப் பெல்லில் போடுவார்.

முதல் தடவை பன்னிரண்டு நாள் வந்தது. அடுத்தது எட்டு நாள். அப்புறம் ஐந்து. பெல்லைக் கழற்றிப் பார்த்தார். பட்டனைக் கழற்றிப் பார்த்தார். பெல்லையே மாற்றினார். சார்ஜரை மட்டும் சந்தேகப்படவில்லை. விளக்குதான் எரிகிறதே!

ரெண்டு தடவை பெல் அடிக்காமல் போனது. ஒன்று தண்ணீர் கேட்டபோது, இன்னொன்று ஜன்னல் வழியாக மழை அடித்தபோது. மூணாவது தடவை ஒரு புதன்கிழமை.

அன்று பதினொரு மணிக்கு டீ போட மேலே ஏறினார். கட்டில் காலி. குளியலறை வாசலில், நிலைப்படியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். வாக்கர் எட்ட உருண்டு கிடந்தது. கையில் பட்டன்.

"வாங்க" என்றாள். "இந்தத் தரையில முப்பத்தாறு டைல்ஸ் இருக்கு. ரெண்டு கோணல். எவன் ஒட்டினான்?"

ஒட்டினது இவர்தான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. "எவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

"வாக்கர் கால் ஈரத்துல வழுக்குச்சு. விழல, மெதுவா அப்படியே உட்கார்ந்துட்டேன். அடி ஒண்ணும் படல. எந்திரிக்கத்தான் முடியல. நாற்பது நிமிஷம் இருக்கும். பட்டனை அமுக்கி அமுக்கி விரல்தான் வலிக்குது."

தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார். காலைத் தொட்டுப் பார்த்தார், முதுகைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி காலைத் தொட்டார். "போதும், நான் என்ன புது கேட்டா, உரசிப் பார்க்கறீங்க?" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நேரே கீழே போய், கடையில் சாதா செல் வாங்கிப் பெல்லில் போட்டு, பத்து தடவை அமுக்கச் சொல்லிப் பத்து தடவையும் பார்த்த பிறகுதான் டீ போட்டார். டீயில் சர்க்கரை இல்லை. ரெண்டு பேரும் அதைச் சொல்லாமல் குடித்தார்கள்.

சாயந்திரம் மகள் போன் பண்ணினாள். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். எதையும் மூணு தடவை பார்க்காமல் நம்ப மாட்டாள். அம்மாவிடமிருந்து விஷயத்தைக் கறந்துவிட்டு, "அப்பாகிட்டக் குடு" என்றாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை நான் வரேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு? பெல்லைச் சரி பண்ணிட்டேன்."

"போன தடவையும் இதேதானே சொன்னீங்க? அதுக்கு முந்தின தடவையும் இதேதான். மூணு தடவை ஒரே ரிசல்ட் வந்தா எங்க ஆஸ்பத்திரில அதை வியாதின்னு எழுதிடுவாங்கப்பா."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியா இருக்கும். நீயே வந்து அமுக்கிப் பாரு."

"பார்ப்பேன். ஒரு தடவை அடிக்கலைன்னாலும் அம்மா என்கூட வருவாங்க. காலு முழுசா சரியாகறவரைக்கும் என் வீட்டுலதான். சண்டை போடக் கூடாது, சொல்லிட்டேன்."

மகள் சொன்னதில் தப்பு இருந்தால் சண்டை போட்டிருப்பார். தப்பு இல்லை, அதுதான் கஷ்டம். மகள் வீடு ரயிலில் ஒரு ராத்திரி தூரம். மனைவி போய்விட்டால் அடுத்த மாசமும் பட்டறைத் தரையில் கோடு விழாது, கோணலைச் சொல்ல ஆள் இருக்காது. மேலே ஏறினால் வெறும் கட்டில்தான்.

அதைவிட ஒன்று அவரைக் குடைந்தது. மறுநாள் காலையில் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் பயணப் பை நின்றது. ஜிப் பாதி திறந்திருந்தது. மேலாக மனைவியின் புடவை ரெண்டு மடித்து வைத்திருந்தது. அவளே வைத்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருப்பாள். பையைச் சுற்றிக் கூட்டிவிட்டுக் கீழே போனார். அவளுக்கே போக ஆசை இருந்தால் தான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது?

அன்று எதுவுமே சரியாக இல்லை. கண்ணில் பொறி படாமல் போடுகிற நல்ல வேலைக் கண்ணாடியைக் காணோம். ஆணியில் மாட்டி வைப்பது வழக்கம், ஆணி மட்டும் இருந்தது. பட்டறையைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. கீறல் விழுந்த பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எவனையோ திட்டிக்கொண்டே வேலை பார்த்தார். இடையில் அந்த நாலு செல்லையும் மறுபடி சார்ஜரில் மாட்டினார். இந்த முறை கண் எடுக்காமல் பார்த்துவிடுவது என்று முடிவு. விளக்கு எரிந்தது. மதியம் வரை எரிந்தது. என்னதான் பார்த்தாலும் விளக்கு எரிவதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

நாலையும் உருவிக் கையில் பிடித்துக்கொண்டு மேலே போனார். "இதப் பாரு. புதுசு மாதிரிதான் இருக்கு. இதுல என்ன கோளாறு இருக்க முடியும்?" என்று மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஐயோ அம்மா!" என்று கையை உதறினாள். செல் நாலும் போர்வையில் சிதறின. "என்னங்க இது, அடுப்புல இருந்து எடுத்துட்டு வந்தீங்களா? கை பொத்துப் போச்சு!"

"எங்க சுடுது? வெதுவெதுப்புகூட இல்லையே." அவர் பொறுக்கி எடுத்துத் தன் கையில் வைத்துப் பார்த்தார். சாதாரணமாகத்தான் இருந்தது.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை நகத்தால் தட்டினாள். டொக் டொக்கென்று மரத்தைத் தட்டின மாதிரி கேட்டது. "இது கையா, செருப்பு அட்டையா? முப்பது வருஷமா நெருப்பைப் பிடிச்ச கைங்க இது. இதுகிட்டப் போய் சூடா இருக்கான்னு கேட்டா என்ன சொல்லும்?"

கிரில்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு மாசமாக அந்தக் கையால்தான் செல்லை எடுத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் வெந்து வந்திருக்கும். கொதிக்கக் கொதிக்க எடுத்துப் பெல்லில் போட்டு, பெல்லைத் திட்டி, பட்டனைத் திட்டி, செல் விற்றவனைத் திட்டி...

"திட்டறதுக்கு இன்னும் யாராவது மிச்சம் இருக்காங்களா?" என்றாள் மனைவி, அவர் மனசைப் படித்த மாதிரி.

"இருக்கான். இங்கதான் உட்கார்ந்திருக்கான்" என்றார்.

வெள்ளிக்கிழமை எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரரை எல்லாரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் அளக்கிற மீட்டர் தொங்கும். பல்பு வாங்கப் போனாலும் அளந்துதான் கொடுப்பார். கிரில்காரர் பழைய சார்ஜரையும் நாலு செல்லையும் மேஜையில் போட்டார்.

மீட்டர் சார்ஜரைப் புரட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "இது சார்ஜர் இல்லைங்க. வறுக்கிற சட்டி."

"விளக்கு எரியுதே."

"கரண்ட் வருதுன்னு எரியுது. செல்லு நிறைஞ்சுதா இல்லையான்னு அதுக்கு என்ன கவலை? சாயந்திரம் வரைக்கும் விட்டாலும் எரியும்." நாலு செல்லையும் சின்ன பல்பு ஒன்றில் மாட்டி ஒவ்வொன்றாக அளந்தார். ரெண்டு தாக்குப்பிடித்தது. ஒன்று உடனே முள் இறங்கியது. ஒன்று செத்தே போயிருந்தது. "பெல்லுக்கு மூணுதானே? நாலாவது எதுக்கு?"

"துணைக்கு. ஜோடி இல்லாம ஏறாது."

மீட்டர் சிரித்தே விட்டார். "நல்லா இருக்கு போங்க. விருந்துக்குப் போற இடத்துல, வீட்டுல சாப்பிட்டுட்டு வந்தவனையும் துணைக்குக் கூட்டிட்டுப் போய், அவனுக்கும் வயிறு முட்ட ஊட்டி விட்டிருக்கீங்க. அவன் செத்துட்டான். அடுத்த தடவை அந்தப் பிணத்தையும் சேர்த்து மூணு பேரா வேலைக்கு அனுப்பியிருக்கீங்க. ஒருத்தன் படுத்தாலும் மூணும் படுத்துடும்."

கிரில்காரருக்கு நாற்பது நிமிஷமும் முப்பத்தாறு டைல்ஸும் கண் முன்னால் வந்து போயின. அவர் சிரிக்காததைப் பார்த்து மீட்டரும் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, ஒண்ணு கேட்கறேன். மெல்லிசுத் தகட்டுல வெல்டு வைக்கணும்னா மிஷின்ல ஆம்பியரை எவ்வளவு வைப்பீங்க?"

"குறைச்சுத்தான். ஏத்தினா ஓட்டை விழுந்துடும். கத்துக்குட்டிகூட அதைச் செய்ய மாட்டான்."

"அதேதான். செல்லு மெல்லிசுத் தகடு. ரெண்டு மணி நேரத்துல நிரப்பறேன்னு உள்ள தள்ளி, நிறைஞ்ச பிறகும் தள்ளிக்கிட்டே இருந்தா ஓட்டை விழாம என்ன செய்யும்?"

இப்போதுதான் விஷயம் கிரில்காரருக்கு ஒரு பூட்டில் சாவி இறங்கினது மாதிரி இறங்கியது. வெட்கமாகவும் இருந்தது. தன் தொழிலில் எந்தக் கத்துக்குட்டியும் பண்ணாத தப்பை ஒரு மாசம் பண்ணியிருக்கிறார். ஆனால் தப்பு இன்னதென்று தெரிந்ததும் தோளிலிருந்து ஏதோ இறங்கின மாதிரியும் இருந்தது.

"சரி. நல்லது எதுன்னு காட்டுங்க."

மீட்டர் மூணு சார்ஜர் எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று எட்டுக் குழி, நீல விளக்கு, அரை மணி நேரத்தில் நிறையும் என்று கொட்டை எழுத்து. கிரில்காரர் அதை ஒரு விரலால் நகர்த்திவிட்டார். "இவ்வளவு அவசரம் எனக்கு ஆகாது. ஏற்கெனவே பட்டுட்டேன்."

"அப்ப இது. நாலு குழி, நாலுக்கும் தனித்தனி விளக்கு. ஒரு செல்லு போட்டாலும் ஏறும், மூணு போட்டாலும் ஏறும். ஒவ்வொண்ணும் எப்ப நிறையுதோ அதுக்கு மட்டும் கரண்டை நிறுத்திடும். சூடு ஏறினாலும் நிறுத்திடும். செத்த செல்லைப் போட்டா விளக்கு மின்னி, எடுத்துப் போடுன்னு சொல்லிடும். என்ன ஒண்ணு, அஞ்சாறு மணி நேரம் ஆகும்."

"நிறைஞ்சா நிறுத்தும்னு நீங்க சொல்றீங்க. அது சொல்லணுமே."

"இங்கயே பாருங்க." மீட்டர் ஏற்கெனவே நிறைந்த செல் ஒன்றை அதில் போட்டார். அதே மாதிரி ரெண்டை எடுத்துப் பழைய வறுக்கிற சட்டியிலும் மாட்டினார். கிரில்காரர் ஒயர் சுருளின் மேல் உட்கார்ந்துகொண்டார். நாலைந்து பேர் வந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் புதியதின் சிவப்பு விளக்கு பச்சையாகி நின்றது. பழையது சிவந்த கண்ணோடு எரிந்துகொண்டே இருந்தது. அரை மணி கழித்து, "ரெண்டையும் எடுத்துக் கன்னத்துல வச்சுப் பாருங்க" என்றார் கிரில்காரர்.

"நீங்களே பாருங்களேன்."

"என் கை பொய் சொல்லும். உங்க கன்னம் சொல்லட்டும்."

மீட்டர் ஒன்றைக் கன்னத்தில் வைத்தார். "சூடு இல்லை." இன்னொன்றை வைத்தார். "ஆ!" என்று தூக்கிப் போட்டார். கிரில்காரர் மூணு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

சார்ஜரோடு ஒரே வகையில் புது செல் ஆறும் வாங்கினார். பழைய நாலையும், 'செத்த பேட்டரி இங்கே போடவும்' என்று எழுதியிருந்த டப்பாவில் கடையிலேயே போட்டார். பழைய சார்ஜரின் ஒயரை நறுக்கிவிடும்படி மீட்டரிடம் சொன்னார். "வேற எவனாவது எடுத்துட்டுப் போய் வறுக்கப் போறான்."

வீட்டுக்கு வந்து சார்ஜரைப் பட்டறையில் வைக்கவில்லை, லைன் துடிக்கிற இடத்தில் அது வேண்டாம். மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்தார். "இனிமே சூடு பார்க்கிற வேலை உன்னுது" என்றார்.

"சம்பளம்?"

"கோணல் டைல்ஸ் ரெண்டையும் மாத்தித் தரேன்."

அவள் உடனே வேலையை எடுத்துக்கொண்டாள். கேட்டுக்கு அடித்து மிஞ்சின பெயின்ட் கேட்டு வாங்கி, மூணு செல்லில் பச்சைப் பொட்டும் மூணில் மஞ்சள் பொட்டும் வைத்தாள். "பச்சை ஒரு குடும்பம், மஞ்சள் ஒரு குடும்பம். ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது. மூணும் சேர்ந்தே வேலைக்குப் போகணும், சேர்ந்தே வந்து சாப்பிடணும்." சார்ஜ் ஏறும்போது அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தாள். "லேசான கதகதப்பு. குழந்தை கன்னம் மாதிரி இருக்கு" என்று அறிக்கை கொடுத்தாள். சாயந்திரத்துக்குள் ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கு வந்தது. முதலில் ஒன்று, கொஞ்சம் கழித்து இன்னொன்று, கடைசியாக மூணாவது. அதற்கதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. படி இறங்க முடியாததால் ஒரு துணிப்பையில் போட்டு, ஜன்னல் வழியாகக் கயிற்றில் பட்டறைக்கு இறக்கினாள். இவர் சாதா செல்லை எடுத்துவிட்டுப் பச்சைக் குடும்பத்தைப் பெல்லில் ஏற்றினார்.

எல்லாம் சரி. ஆனால் கட்டிலுக்கு அடியில் பை அப்படியே நின்றது. சனிக்கிழமையும் நின்றது. அவர் அதைச் சுற்றியே கூட்டினார். கண்ணாடியும் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலையில் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்னாலேயே, "அப்பா, நீங்க கீழ போய் மிஷினைப் போடுங்க. நான் எப்ப அமுக்குவேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ரெண்டாவது நிமிஷமே பெல் அடித்தது. ஏறினார். அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து. ஏறினார். இறங்கின உடனே மறுபடி. ஏறினார். பைப் அறுத்துக்கொண்டிருக்கும்போது, வெல்டு வைத்துக்கொண்டிருக்கும்போது, வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டிருக்கும்போது என்று விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது. ஆறாவது தடவை மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் பத்து செகண்டு" என்று மகள் எழுதினாள். "முதல்ல நாற்பது செகண்டுல வந்தீங்க. பெல் லேட்டா அடிச்சுதா?"

"பெல் கரெக்டாத்தான் அடிச்சது. முட்டிதான் லேட்டு."

ஏழாவது தடவை வரும்போது வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தார். மகள் நோட்டை மூடினாள். ஆனால் முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. "இன்னிக்கு அடிக்குது. புது செல்லு, அடிக்கத்தான் செய்யும். பத்து நாள் கழிச்சு?"

கிரில்காரர் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து பதில் வந்தது.

"செத்த பிறகு மாத்தினாத்தானேடி பயம்? புதன்கிழமை பச்சை மேல வரும், மஞ்சள் கீழ போகும். ஞாயித்துக்கிழமை மஞ்சள் மேல வரும், பச்சை கீழ போகும். தீர்ந்துதோ இல்லையோ, கிழமை வந்தா மாத்தம்தான். தினம் காலையில அப்பா மிஷின் போட்டதும் நான் ஒரு அமுக்கு அமுக்குவேன். கீழ இருந்து கம்பியால தூண்ல ரெண்டு தட்டு தட்டணும். தட்டலைன்னா அன்னிக்கு மிஷின் ஓடாது. போதுமா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள், மேஜையில் இருந்த சார்ஜரைப் பார்த்தாள், ஏறிக்கொண்டிருந்த மஞ்சள் செல்லில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு இல்லை" என்றாள். பிறகு, "போதும்மா" என்றாள். "அப்பாவை மட்டும் தனியா விட்டிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

கிரில்காரர் அப்படியே சுவரில் சாய்ந்தார். முட்டி வலி, மூச்சிரைப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெளியே போகிற மாதிரி ஒரு பெருமூச்சு வந்தது. ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பையை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது.

"உனக்குப் போகணும்னா போ" என்றார் மனைவியிடம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "புதன்கிழமையே பை கட்டி வச்சிருக்க. நான் பார்த்தேன். அங்க படி கிடையாது, பார்த்துக்க ஆள் இருக்கு. எனக்கு ஒண்ணும் இல்லை."

"பார்த்தீங்களா? எதுவரைக்கும் பார்த்தீங்க?"

"மேல புடவை இருந்துச்சு."

"அந்தப் பையை இப்படி எடுங்க."

எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவள் ஜிப்பை முழுசாக இழுத்து, ரெண்டு புடவையையும் எடுத்து ஓரமாக வைத்தாள். அடியில் இவருடைய சட்டை மூணு, லுங்கி ரெண்டு, முட்டிக்குத் தடவுகிற தைலம். அதற்கும் அடியில், ஒரு துண்டில் சுற்றி, நல்ல வேலைக் கண்ணாடி.

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டார். "மூணு நாளா பட்டறையையே புரட்டிப் போட்டுட்டேன்! இது எப்படி இங்க வந்துச்சு?"

"புதன்கிழமை என்னைத் தூக்கறப்போ நெத்தியில மாட்டியிருந்தீங்க. கட்டில்ல கழட்டிப் போட்டுட்டு செல்லு வாங்க ஓடிட்டீங்க."

"அதுக்கு ஊருக்குப் போற பையில வைப்பாங்களா?"

"இவ பிடிவாதம் பிடிச்சா கிளம்பித்தானே ஆகணும்? உங்களை இங்க விட்டுட்டு நான் மட்டும் போவேனா? பட்டறையைப் பூட்டிட்டு நீங்களும்தான் வரணும். அங்க போனாலும் நீங்க சும்மா உட்காருவீங்களா? எவன் வீட்டு கேட்டையாவது அறுத்துட்டுத்தான் இருப்பீங்க. கண்ணு போயிடக் கூடாதேன்னு எடுத்து வச்சேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்ல வேளை, பெல் அடிச்சுது. ரெண்டு பேரையும் வச்சு நான் எங்க சமாளிப்பேன்?"

கிரில்காரர் கண்ணாடியைத் துண்டிலிருந்து எடுத்து, கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு அதை நெற்றியில் மாட்டிக்கொண்டு பதினேழு படியும் இறங்கினார். மிஷினைப் போட்டார். பைப்பில் பிளேடு இறங்கி நாலு பொறி பறக்கவில்லை, அதற்குள் தூணில் விளக்கு பளிச்சென்றது.

மறுபடியும் ஏறவா என்று ஒரு கணம் நின்றார். அப்புறம் புது ஏற்பாடு நினைவுக்கு வந்தது. கிடந்த கம்பி ஒன்றை எடுத்துத் தூணில் ரெண்டு தட்டு தட்டினார். மேலே ஜன்னலிலிருந்து துணிப்பை ஒன்று ஆடி ஆடி இறங்கியது. அவிழ்த்துப் பார்த்தார். செல் இல்லை, துண்டுக் காகிதம். பென்சிலால் ஒரு புது கிரில் டிசைன் போட்டிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: கம்பியைக் கோணலாக வளைத்துத் தொலைக்காதீர்கள், ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது.